நீர்க்குழாயில் அவள் பிடித்த சுருதி

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் என் மனைவியின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. கழுத்தின் அடியில் காசளவில் ஒரு துளை. மூச்சு அதன் வழியேதான். பேச்சுக்கு உதட்டசைவு மட்டும்.

நாற்பது வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோவிலில் வெள்ளிதோறும் பதிகத்தின் முதலடியை எடுத்துக் கொடுத்தவள் அவள். அவள் எடுத்த பின்னரே நான் ஓதத் தொடங்குவேன். வீடு திரும்பியதும் எங்கெங்கே சுருதி விலகினாள் என்று சொல்வேன். ஒரு வெள்ளியும் சொல்லாமல் விட்டதில்லை.

ஆப்பரேஷனுக்குப் பிறகு அவள் கோவில் படி ஏறவில்லை. நான் தனியே ஓதினேன். பெருமான் திருமுன் நின்றும் என் செவி முதலடிக்காகக் காத்திருந்தது.

மாதமொரு முறை கிளினிக். கலவானையிலிருந்து பஸ்ஸில் அவளும் நானும் அவள் தங்கையும் போவோம். அப்படி ஒரு நாள், திரும்பும் வழியில், நகரத்துப் பூங்காவில் சற்று உட்கார்ந்தோம். அங்கே இடுப்புயரத்தில் படுக்கையாக ஒரு இரும்புக் குழாய். அதன் மேல் பன்னிரண்டு துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் சாண் உயரத்துக்குத் தண்ணீர் பீறிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வரும். குழாயில் கசிவு கண்டால் எவரும் கையால் பொத்திக்கொண்டு, கட்டுவதற்குச் சைக்கிள் டியூப் வார் கேட்டுக் கத்துவார்கள். என் மனைவியும் ஓடிப்போய் இரண்டு துளைகளைப் பொத்தினாள். “டியூப் எடுங்க” என்று உதடு அசைந்தது.

குழாய்க்குள்ளிருந்து ஒலி எழுந்தது. வாய் மூடி நெஞ்சுக்குள் ஒருவர் பாடுவது போன்ற ஒலி. அவள் பதறிக் கையை எடுத்தாள்; ஒலி நின்றது.

“வஹன்ன அம்மே, வஹன்ன!” என்று சிரித்தார் காவலாளி. மூடுங்கள் அம்மா, மூடினால்தான் பாடும், அது வாத்தியம் என்று சிங்களத்தில் விளக்கினார்.

“பாத்தீங்களா மச்சான்?” என்றாள் தங்கை. “நாப்பது வருஷமா அக்கா வாய அடைக்கப் பாத்தீங்க. இது அடைச்சாத்தான் பாடுமாம்.”

அன்று முதல் ஒவ்வொரு கிளினிக் நாளும் பூங்காவில்தான் முடிந்தது. கழுத்துத் துளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். விரல் பட்டாலோ தண்ணீர் முகத்தை நோக்கித் தெறிக்கும். ஆகவே கொழுந்து பறிக்கையில் நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கை மோவாய் வரை ஏற்றிக் கட்டிக்கொண்டாள். தங்கை குடையை விரித்து முன்னால் பிடித்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

நான்காம் மாதம் முதலடி அவள் விரலுக்கு வந்தது. அது மேலேறி நிற்கும் இடத்தில், “அங்க இன்னும் கொஞ்சம் ஏத்தணும்” என்றேன். நாற்பது வருஷத்துப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. அவள் கைகளை எடுத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்து நின்றாள். பஸ்ஸில் என் பக்கம் திரும்பவில்லை. லயத்து வாசலில்தான் உதடு அசைந்தது.

“ஒருக்கா கோவில்ல நான் எடுக்கணும்.”

சிவராத்திரிக்குப் போனில் பதிந்து ஒலிபெருக்கியில் போடலாம் என்றாள் தங்கை.

மாசி பிறந்தது. நோய் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது, இனி அறுக்க வழியில்லை என்றார் டாக்டர். அங்கிருந்து நேரே பூங்காவுக்குப் போனோம். கடும் வறட்சி. பன்னிரண்டில் மூன்று துளைகளில் மட்டும் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் துளும்பியது. முதலடிக்கு ஐந்து வேண்டும். மழைக்குப் பிறகு வாருங்கள் என்றார் காவலாளி.

தேவையே இல்லாதபோதும் அவள் படங்கை ஏற்றிக் கட்டினாள். கடைசித் துளையை மூடினாள். தாழ்ந்து நடுங்கும் ஒற்றைச் சுருதி எழுந்தது. மறு கையால் என்னை அழைத்தாள். என் சுருதிக்கு அது மிகவும் கீழே. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு பாடிப் பார்த்தேன். குரல் உடைந்தது. நான் அடியை முடிக்கும் வரை அவள் விரலை எடுக்கவில்லை.

“இதப் போன்ல பதிஞ்சிட்டேன் மச்சான், உங்க குரல் வர்ற எடத்த வெட்டிடுறேன்” என்றாள் தங்கை. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள், அவளே சிரிக்கவில்லை.

சிவராத்திரியன்று என் மனைவியால் எழுந்திருக்க முடியவில்லை. கோவிலில் மைக்கருகே போனை வைத்தார்கள். முதலில் ஒரு பஸ் ஹார்ன், பிறகு தண்ணீர், பிறகு அவள்.

“என்னாங்க இது, மோட்டார் சத்தமா?” என்று ஒருவர் கேட்டார்.

அந்தச் சுருதியிலேயே தொடங்கினேன். கீழிறங்கும் இடங்களில் வெறும் காற்றுதான் வந்தது. ஆயினும் சுருதியை உயர்த்தவில்லை. பதிகத்தின் பத்துப் பாட்டையும் அவள் வைத்த இடத்திலேயே ஓதி முடித்தேன்.

லயத்துக்கு இறங்கி வந்தேன். ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறாள், விழித்தே கிடந்தாள். வெள்ளிதோறும் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள்.

“நான்தான் விலகிட்டேன்” என்றேன்.

உதடு அசைந்தது.

“மூணு எடத்துல.”