பேட்டரிக் கடைக்காரிக்கு ஒரு சங்கம்

சாரதாம்பாளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மலாக்காவின் காஜா பெராங் பகுதிக் கடைவரிசையில் இதை அறியாதவர்கள் இல்லை. அவள் மெல்லப் பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் வாயை மூடிக்கொள்வதே நல்லது.

அவள் நடத்தியது பேட்டரிக் கடை. மலாக்காவில் அப்போது மின்சாரம் டவுனோடு சரி. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலும் கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களிலும் ரேடியோ பாட வேண்டுமென்றால் கார் பேட்டரி வேண்டும். சக்தி இறங்கிய பேட்டரியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார்கள். சாரதாம்பாள் அதை மின்சாரத்தில் மாட்டி, சார்ஜ் ஏற்றிக் கொடுப்பாள். கடையைத் தொடங்கியவர் அவள் கணவர் தம்பிராஜா, ரேடியோ மெக்கானிக். அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்ததும் உறவுக்காரர்கள் கடையை விற்றுவிடச் சொன்னார்கள். அவர் இருந்த காலத்திலேயே பேட்டரி வேலை முழுவதும் அவள் கையில்தான் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. ரிப்பேர் வேலையை எதிர்க்கடை ஹனீபாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பேட்டரியை அவள் வைத்துக்கொண்டாள். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத சேலை அவளிடம் ஒன்றுகூட இல்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு, நகர அலுவலகத்திலிருந்து கணேசமூர்த்தி என்ற குமாஸ்தா வந்தான். துறைமுகப் பக்கம் பேட்டரிக் கடை ஒன்று தீப்பிடித்து எரிந்திருந்தது. அதனால் இனிமேல் கடைவரிசைகளுக்குள் யாரும் பேட்டரி சார்ஜ் செய்யக் கூடாது, மாதக் கடைசிக்குள் குருபோங் பக்கம் போய்விட வேண்டும் என்று உத்தரவு.

குருபோங்கில் அப்போது ரப்பர் மரமும் வயலும்தான். மின்சாரமே இல்லாத இடத்தில் பேட்டரியை எதில் மாட்டுவது என்று கேட்டாள். கணேசமூர்த்தி நெளிந்தான்.

"எங்கள மட்டும் திட்டாதீங்கக்கா. நம்மவங்க வணிகர் ஐக்கிய சங்கத்தக் கேட்டுத்தான் முடிவு பண்ணாங்க. தலைவரே ஆட்சேபணை இல்லேன்னுட்டாரு."

தலைவர் வேறு யாருமில்லை, அதே வரிசையில் நாலு கடை தள்ளி ஜவுளிக்கடை வைத்திருந்த மாணிக்கவாசகம். சாரதாம்பாள் கையைக்கூடக் கழுவாமல் போய் அவர் முன்னால் நின்றாள். அவர் உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். நாடு சுதந்திரம் அடையப் போகிற நேரத்தில் நம் ஆட்கள் முரண்டு பிடிக்கிறார்கள் என்ற பெயர் வரக் கூடாது என்று நிதானமாக விளக்கினார். ஜவுளி, மளிகை, நகை என்று எல்லா வியாபாரமும் செயற்குழுவில் இருக்கிறதாம். பேட்டரி விஷயம் வந்தபோது ஒருவரும் மறுத்துப் பேசவில்லையாம். பேட்டரி வைத்திருக்கிற ஒருத்தரும் அங்கே இல்லையே, பிறகு யார் பேசுவார்கள் என்று அவள் கேட்டாள்.

"தம்பிராஜா உறுப்பினரா இருந்தாரு, அது அவரோட முடிஞ்சு போச்சும்மா. பொம்பளைங்களச் சேத்துக்க நம்ம விதியில எடமில்ல. ஆனாலும் உங்களுக்கும் சேத்துத்தான் நாங்க பேசுறோம்" என்றார் அவர்.

"என்னைக் கேக்காமலே எனக்காகப் பேசிட்டீங்க" என்றாள் சாரதாம்பாள். குரல் பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை. காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் மறுநாளே அவள் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டாள். கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேட்டரியோடு வந்தவர்களிடம், என்னைக் கேட்காதீர்கள், ஜவுளிக்கடையில் கேளுங்கள் என்று கை காட்டினாள்.

அப்போது லண்டனில் சுதந்திரப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என்ன முடிவாகும், எப்போது வெள்ளைக்காரன் கொடியை இறக்குவான் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரம். தோட்டத்து ரேடியோக்கள் ஒன்றொன்றாக ஊமையாயின. பேட்டரிகளைச் சுமந்து வந்தவர்கள் ஜவுளிக்கடை வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் அவற்றை இறக்கி வைத்துவிட்டு நியாயம் கேட்டார்கள். ஒன்று சாய்ந்து, கல்யாணத்துக்கென்று வாசலோரம் எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டிக் கட்டின் மேல் ஆசிட் கொட்டியது. மாணிக்கவாசகம் வெளியே வந்து, தனக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை என்றார். சம்பந்தமில்லாதவர் எப்படி ஆட்சேபணை இல்லை என்று சொன்னார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

இதையெல்லாம் பார்த்துச் சாரதாம்பாளின் மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியைக் கெடுத்தவர் மருதமுத்து. புக்கிட் பாருவைத் தாண்டிய தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர், தொழிற்சங்கத்து ஆள். அவர் ஜவுளிக்கடைக்குப் போகவில்லை. நேரே வந்து பேட்டரியை அவள் காலடியில் வைத்தார்.

"லண்டன் சேதிக்காக எங்க லயத்துல அத்தன பேரும் ஒத்த ரேடியோவச் சுத்தி ஒக்காந்திருந்தோம். நடுவுல நின்னு போச்சு. ஒங்களுக்குக் கோவம் தலைவரு மேல. தண்டன எங்களுக்கா?"

அவளுக்கு முகம் சுட்டது. அவர் விடவுமில்லை.

"ஒத்த ஆளு வேலைய நிறுத்துனா அதுக்குப் பேரு வீம்பு, தங்கச்சி. பத்துப் பேரு சேந்து நிறுத்தினாத்தான் எவனும் எறங்கி வந்து பேசுவான்."

அவருடைய பேட்டரியை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, சாரதாம்பாள் சாலையைக் கடந்து ஹனீபாவின் கடைக்குப் போனாள். ரேடியோ, பேட்டரி, ஒலிபெருக்கி என்று மின்சாரத்தை வைத்துப் பிழைப்பவர்களுக்கென்று தனியாகச் சங்கம் வேண்டும் என்றாள். ஹனீபாவுக்குச் சம்மதமில்லை. இருக்கிற சங்கத்தை உடைத்தால் நம்மவர் பலம் போய்விடும், நாலு கடை சேர்ந்த சங்கத்தை எவன் மதிப்பான், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலச் சட்டம் இருக்கும்போது புதிதாகச் சங்கம் என்றாலே போலீஸ் கதவைத் தட்டும் என்று அடுக்கினார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பெரிய சங்கத்தின் பலத்தில் நமக்குக் கிடைத்தது குருபோங் வயல்தானே என்று கேட்டாள்.

அவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே புது ரேடியோ விற்கிற சீன முதலாளி ஆ லியோங் தவுக்கே கொதித்துக்கொண்டு உள்ளே வந்தார். சார்ஜ் இல்லாததால் விற்ற ரேடியோக்களைத் திருப்பிக் கொண்டுவந்து போடுகிறார்களாம். வந்தது அவளைத் திட்டத்தான். பேச்சுவாக்கில், ரப்பர் வியாபாரிகளும் அரிசி வியாபாரிகளும் நடத்துகிற தங்கள் சீனச் சங்கத்தையும் நகர அலுவலகம் கேட்டதாகவும், அங்கேயும் ஆட்சேபணை இல்லை என்றுதான் சொன்னார்கள் என்றும் மலாயில் சொன்னார். தங்களைப் போலவே அவரையும் அவருடைய சங்கமே கைவிட்டிருப்பது ஹனீபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு, எங்கே கூடுவது என்று கேட்டார்.

அவர் கடை மாடியிலேயே கூடினார்கள். தமிழர், சீனர், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற மலாய்க்காரர் இருவர். பேச்சு மலாயில் ஓடியது. ஹனீபா தலைவர், ஆ லியோங் பொருளாளர் என்று தடங்கலில்லாமல் முடிவாயிற்று. பதிவுக்குக் கொடுக்கப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தபோது சாரதாம்பாளின் பெயர் வரவில்லை. போலீஸ் விசாரணைக்கு வருவார்கள், பெண்பிள்ளையை எதற்கு இழுப்பது, உங்கள் நன்மைக்குத்தான் என்றார் ஹனீபா. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"பாய், மாணிக்கவாசகம் காப்பி குடுத்துச் சொன்னாரு. நீங்க காப்பி குடுக்காம அதையே சொல்றீங்க" என்றாள் அவள் தமிழில்.

பிறகு எல்லாருக்கும் புரியும்படி மலாயில், அடிக்குரலில் சொன்னாள். தன் பெயர் இல்லாத சங்கம் தனக்காகப் பேச வேண்டாம். நகர அலுவலகத்துக்கு அவர்களே போய்க்கொள்ளட்டும். எந்தக் கடையில் பேட்டரி சார்ஜ் ஏறுகிறது என்று அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு அவள் கடை இருக்காது; அது இல்லாமல் அவர்கள் ரேடியோ வியாபாரமும் ஓடாது. பேசி முடித்தபின் எழுந்து போகவும் இல்லை. மாடிப்படிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தாண்டாமல் யாரும் இறங்க முடியாது. முதலில் சிரித்தவர் ஆ லியோங். அவருக்குப் பெண்ணுரிமை பற்றியெல்லாம் கவலையில்லை, வியாபாரம் ஓட வேண்டும். அவள் பெயரையும் போடச் சொன்னார்.

எல்லாருமாக நகர அலுவலகத்துக்குப் போனார்கள். ஒரே தொழில்காரர்கள் மூன்று இனமும் சேர்ந்து வந்து நின்றதை அதிகாரி எதிர்பார்க்கவில்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை, கடையின் பின்கட்டில் சுவர் வைத்து, காற்றோட்டம் விட்டு, அங்கே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று உத்தரவு மாறியது. சுவர் வேலை முடிந்த அன்றே தோட்டத்துச் சைக்கிள்கள் மறுபடி வந்தன. ஹனீபா பயந்தபடி போலீஸும் வந்தது. சீனனும் மலாய்க்காரனும் தமிழனும் ஒரு பெண்ணும் ஒன்றாகச் சேர்ந்து என்ன செய்கிறீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். எல்லார் கடையிலும் இருப்பது ஒரே ஆசிட்தான் என்று சாரதாம்பாள் சொன்னாளாம். வருஷக் கடைசியில் சங்கம் பதிவாயிற்று.

அதோடு அவள் கோபம் தணிந்திருக்கலாம். ஆனால் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் விநாயகர் கோயில் விசேஷத்தில் மாணிக்கவாசகம் பேசும்போது, பேட்டரிக் கடைகளைக் காப்பாற்றியது வணிகர் ஐக்கிய சங்கத்தின் முயற்சிதான் என்றார். கூட்டம் கைதட்டியது. காரியம் நடந்துவிட்டது, பேர் யாருக்குப் போனால் என்ன என்றார் ஹனீபா. அவள் ஒப்பவில்லை. மறுநாள் போய், சொன்ன இடத்திலேயே திருத்திச் சொல்லும்படி கேட்டாள். மாணிக்கவாசகம் சிரித்து மழுப்பினார், கடைசிவரை திருத்தவில்லை.

தோட்டங்களுக்கு மின்சாரம் வந்து பேட்டரி ரேடியோக்கள் மறைந்த பிறகு அவள் லாரி பேட்டரிகளுக்கு மாறினாள். சங்கத்தின் செயற்குழுவிலும் தொடர்ந்து இருந்தாள்; ஹனீபாவோடு சண்டை போடாத கூட்டம் அபூர்வம். நாலு கடை தள்ளி இருந்த அந்த ஜவுளிக்கடையில் மட்டும் ஒரு முழத்துணிகூட வாங்கவில்லை. ஆசிட் பட்டு ஓட்டையாகும் சேலைக்கு மாற்று வேண்டுமென்றால், வெயிலில் டவுனின் மறுகோடிவரை நடந்து போய் வாங்கி வருவாள்.