மடியை எப்படி அனுப்புவது?

மார்க்கர் பேனாவின் மூடியை யாராவது திறந்தால் போதும், அந்தக் காட்டமான வாசனையில் விராலிமலை நெடுஞ்சாலையோர ஓட்டலின் மாடிக் கூடம் கண்முன் வந்துவிடும். கீழே லாரிகள், எங்கோ ஒரு மயில், உள்ளே ஏசி. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி அதிகாரிகளுக்கான கருத்தரங்கு. ஊர் விட்டுப் போகிறவனுக்குச் சம்பளத்தோடு என்னென்ன தர வேண்டும் என்று சென்னையிலிருந்து வந்த அம்மையார் வகுப்பெடுத்தார். உட்காரப் பிடிக்காமல் கதவோரம் நின்று கேட்டேன்.

காலையில் மஸ்கட்டிலிருந்து, எங்கள் கம்பெனி அனுப்பிய ஃபிட்டர் ஒருவன் போனில் பேசியிருந்தான். குன்றாண்டார்கோவில் பக்கத்துக்காரன். அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து.

"தாய்மாமன் நான் ஒருத்தந்தான் சார். நான் வரலைன்னா பிள்ளைய யாரு மடியில ஒக்கார வைப்பாக? அக்கா இப்பவே பேச மாட்டேங்குது."

அவசர விடுப்புக்கு எங்கள் விதியில் மனைவி, பிள்ளை, பெற்றோர் மட்டுமே குடும்பம். "கேட்டுச் சொல்றேன்" என்று வைத்திருந்தேன்.

கேள்வி நேரத்தில் இதைச் சொன்னேன். அம்மையார் யோசித்தார்.

"வீடியோ கால்ல கலந்துக்கலாமே?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மூஞ்சிய அனுப்பலாம் மேடம். மடிய எப்படி அனுப்புறது?"

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு மார்க்கரை உருட்டியபடி என்னைக் கேட்டார்.

"வருஷ லீவும் டிக்கெட்டும் குடுக்கிறீங்க இல்லையா? தேதிய யார் முடிவு பண்றது?"

"கம்பெனிதாங்க. பொங்கலுக்கு எல்லாரையும் ஒண்ணா வரவழைச்சிருவோம். சந்தோஷப்படுவாங்கன்னு."

"அவங்கள கேட்டீங்களா?"

கேட்டதில்லை.

"அப்ப அவசர லீவே வேண்டாம். அவரோட சொந்த லீவ இப்பவே குடுங்க."

சாப்பாட்டு இடைவேளையில் வெயிலில் நடந்தபடியே மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"அங்க வேலைய யாரு பாக்குறது?"

"கூட இருக்குறவன் பாத்துக்குவான் சார்."

"பொங்கலுக்கு மறுபடி லீவுன்னு வந்து நிக்கக் கூடாது, ஆமா."

லீவு கிடைத்ததை ஃபிட்டரிடம் சொன்னேன். "அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க சார். நான் சொன்னா நம்பாது" என்றான். சொன்னேன். என்னையும் லேசில் நம்பவில்லை.

மாலையில் அம்மையாரைத் திருச்சி விமான நிலையத்துக்கு வழியனுப்பக் கீழே இறங்கினோம். காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார்.

"காது குத்துறப்ப குழந்தை ரொம்ப அழுமா?"

"அழும்ங்க மேடம். மாமன் மடின்னா சீக்கிரம் அடங்கிரும்."