தவுவா வகுப்பறையில் சத்தத்தை அணைத்த பாடம்

சென்ற ஜூலையில் ஃபிஜி போய்வந்தேன். நீலக் கடலையும் தென்னந்தோப்பையும் நினைத்து இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் மன்னிக்கவும். கடலை நான் வண்டி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஒரு லேப்டாப், கைக்கடக்கமான ஒரு ப்ரொஜெக்டர், ஒரு ஸ்பீக்கர், இவற்றைத் தூக்கிக்கொண்டு தவுவா என்ற கரும்பு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். படமும் ஒலியும் வைத்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கக் கிளம்பும் ஆசிரியர்களுக்கு இது பயன்படலாம்.

எதற்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்குக் கணினி வந்த புதிதில், படம் போட்டு வார்த்தை சொல்லும் சின்னச் சின்னப் பாடங்கள் செய்தேன். குரல் என் மகள் நித்யாவுடையது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தோம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் "அப்பா, போதுமா?" என்பாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பேன். அவள் கேட்டது பதிவில் இருக்கிறது, நான் சொன்னது இல்லை. அதற்குள் பொத்தானை அழுத்தியிருப்பேன். பாடத்தின் வாலில் ஒட்டிக்கொண்ட அந்தக் கேள்வியை வெட்டவேண்டும் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் போய்விட்டன.

இப்போது அவள் கனடாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மனைவி காலமாகிவிட்டாள். ஓய்வு பெற்றபின் அந்தப் பாடங்களை நான் ஒருவன்தான் வீட்டில் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது ஒரு வகுப்பறையில் அவை மறுபடி ஓடவேண்டும் என்று ஆசை. பல இடங்களுக்கு எழுதினேன். தவுவாவிலிருந்து லலிதா மிஸ் என்ற ஆசிரியை பதில் போட்டார். ஒரு வாரம் வந்து நடத்துங்கள், வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் பார்ப்பார், பிள்ளைகள் வழக்கமான கோயில் பாட்டைத் தாண்டி ஏதாவது தமிழில் சொன்னால் உங்கள் பாடங்களைப் பள்ளிக் கணினியில் ஏற்றிக்கொள்கிறோம், இல்லாவிட்டால் பாட்டே போதும் என்று இருந்துவிடுவோம், என்று எழுதியிருந்தார். செலவு என்னுடையது. கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து நாந்தி. இரண்டாவது விமானம் மட்டும் பத்து மணி நேரம். நாந்தியிலிருந்து தவுவா சுமார் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். பஸ் மலிவு, ஆனால் காசு வாங்கமாட்டார்கள், கடையில் அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. பலர் சேர்ந்து போகும் வேனில் இருபது டாலர் கொடுத்து ஏறினேன். ஓட்டியவர் பெயர் ரஹீம்.

"மதராஸா?" என்றார்.

"திண்டுக்கல்."

"ஒண்ணுதான்," என்றார்.

அவருடைய முன்னோர் மதராஸில் கப்பலேறி, கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்தபின் இங்கேயே நிலம் குத்தகைக்கு எடுத்துத் தங்கிவிட்டவர்கள். வீட்டில் ஃபிஜி ஹிந்திதான். "எங்க பாப்பா, அதான் அப்பா, கோவம் வந்தா தமிழ்ல ஏசுவாரு. அதனால எனக்கு ஏச மட்டும் வரும்," என்று இங்கிலீஷில் சொன்னார்.

"கொஞ்சம் ஏசுங்க, கேட்போம்." இரண்டு நாளாகத் தமிழ் காதில் விழாத ஏக்கம் எனக்கு.

"மெஹ்மானை ஏசக் கூடாது," என்று சிரித்துவிட்டார். விருந்தாளியாகப் போவதில் இப்படியும் ஒரு நஷ்டம் உண்டு.

வழி நெடுகக் கரும்பு. பா என்ற ஊரில் சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்க, நாங்களும் முக்கால் மணி நேரம் நின்றோம். ஜூலையில் போகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் மதியம் ஒன்றரை மணிக்கு முதல் வகுப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பாட்டுக் கேட்டது. முருகன் பாட்டு. மலை, மயில், பால், பூ, தாய் என்று ஒரு சொல் பிசகாமல், தாளம் தப்பாமல் பாடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தமிழ் தெரிந்த பிள்ளைகளுக்கு நான் எதற்கு என்றுகூடத் தோன்றியது. சந்தோஷத்தில் வாய் ஓயாமல் பேசினேன். பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன். அத்தனை பேரும் கை கட்டி, இமை கொட்டாமல் பார்த்தார்கள். கடைசியில் முன்வரிசையில் இருந்த பிரியா என்ற பெண் எழுந்து, "கதம் ஹோய் கைஸ், சார்?" என்றாள். முடிந்துவிட்டதா என்று கேட்கிறாளாம். நான் பேசியதில் ஒரு சொல்கூட யாருக்கும் புரிந்திருக்கவில்லை.

பிள்ளைகள் போனபின் லலிதா மிஸ் சங்கடத்தோடு சொன்னார். "பாட்டு வரும் சார். அர்த்தம் வராது. ஹிந்தி எழுத்துல எழுதி வெச்சு மனப்பாடம் பண்றது. எனக்கே பாதிக்கு மேல தெரியாது." அவர் தமிழ் தயங்கித் தயங்கித்தான் வந்தது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பழகிய பேச்சு அது.

தவுவாவில் கடைகள் சீக்கிரம் சாத்திவிடுவார்கள். ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். கடைக்கு மேலே ஒற்றைக் கட்டில் போட்ட அறை. பேச ஆள் இல்லை. லேப்டாப்பைத் திறந்து நித்யாவின் குரலைப் போட்டேன். அன்றைக்கு அதுவும் யாருக்கோ சொல்வதைப் போல இருந்தது. இவ்வளவு தூரம் வந்து தோற்றுவிட்டுப் போகப் போகிறோம் என்று நினைத்தபடியே படுத்தேன்.

மறுநாள் பாடம் தொடங்கியதுமே லலிதா மிஸ் கையைத் தூக்கினார். "சார், அந்தப் பொண்ணு சத்தத்தை நிறுத்துங்க."

"ஏன்?"

"அவ சொல்லிட்டா இவங்க எதுக்கு சொல்லணும்? டிவி மாதிரி பாத்துட்டுப் போயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குரலைக் கேட்க வைக்கத்தானே கடல் தாண்டி வந்தேன்? அது யார் குரல் என்று அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஸ்பீக்கரை அணைத்தேன்.

திரையில் மலைப் படம், சத்தமில்லாமல். லலிதா மிஸ் பிள்ளைகளிடம் ஹிந்தியில், "இது உங்க பாட்டில் இருக்கிறது, தேடுங்கள்," என்றார். அவர்கள் பாடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் இல்லை இல்லை என்று தலையாட்டினார். மூன்றாவது வரியில் நிறுத்தச் சொன்னார். "மலை?" என்றாள் பிரியா. மிஸ் என்னைப் பார்த்தார். சத்தத்தைப் போட்டேன். "மலை," என்றாள் நித்யா. வகுப்பே கைதட்டியது.

அதற்குப்பின் அது விளையாட்டாகிவிட்டது. படம் வரும், பாட்டில் தேடுவார்கள், துணிந்து ஒரு சொல்லைச் சொல்வார்கள், நித்யாவும் அதையே சொல்வாள். தவறாகச் சொன்னால் அவள் வேறு சொல்லைச் சொல்வாள், "ஐயோ" என்று மறுபடி தேடுவார்கள். பாட்டில் இல்லாத சொற்களும் புதன்கிழமைக்குள் வந்துவிட்டன. பல வருடம் பிள்ளைகளுக்கு முன்னால் முந்திக்கொண்டு நானே எல்லாம் சொல்லியிருக்கிறேன். நான் செய்த பாடங்களும் என்னைப் போலவே இருந்திருக்கின்றன.

வியாழக்கிழமை பிரியா மிஸ்ஸிடம் ஏதோ கேட்டாள். "அந்தப் பொண்ணு எந்தக் கிளாஸ், இங்க வருமான்னு கேக்குது," என்றார் மிஸ். அது என் மகள், வளர்ந்துவிட்டாள், தூரத்தில் இருக்கிறாள் என்றேன். மிஸ் அதைப் பிரியாவிடம் ஹிந்தியில் சொன்னார். பிறகு, "முதல்லயே சொல்லியிருந்தா நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன் சார்," என்றார். சொல்லாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஃபிஜிக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், தமிழ் தெரியாது. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். படங்கள் சத்தமில்லாமல் ஓடின. மலை, மழை, பால், கால், தாய். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. கடைசிப் படம் மறைந்து திரை கறுத்தது. கைதட்டக் கையைத் தூக்கினேன்.

அப்போது எல்லாரும் ஒரே குரலில், "அப்பா, போதுமா?" என்றார்கள்.

கோயில் பாட்டு முடிந்ததும் அரோகரா சொல்வது வழக்கம். பாடம் முடிந்தால் இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று அவர்களாகவே மனப்பாடம் செய்துவிட்டார்கள். நித்யா சலிப்போடு கடைசி எழுத்தை இழுப்பாள், அந்த இழுப்பும் அப்படியே இருந்தது. தலைமையாசிரியர் மிஸ்ஸிடம் அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். மிஸ் என்னைப் பார்த்தார். பிள்ளைகள் உட்காராமல் நின்றார்கள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று அவர்களும் திருப்பிச் சொன்னார்கள்.

பாடங்கள் அன்று மாலையே பள்ளிக் கணினியில் ஏறின. சனிக்கிழமை விடியற்காலையில் ரஹீம் வந்தார். நான் ஸ்பீக்கரை அறையிலேயே மறந்துவிட்டு, பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொன்னேன். "கிறுக்குப் பயலே, மூளையை அடகு வெச்சியா?" என்று சுத்தமான தமிழில் ஏசினார். ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அங்கே பிளக் சாய்ந்த பட்டைக் கம்பி வகை, அதற்கேற்ற அடாப்டர் அவசியம். இணையத்தை நம்பாமல் எல்லாவற்றையும் பென் டிரைவில் வையுங்கள். வகுப்பறையில் வெளிச்சம் அதிகம், ஜன்னலுக்குப் போர்வை கேட்டு வாங்குங்கள். படத்தைக் காட்டியதும் சத்தம் போடாதீர்கள், பிள்ளைகள் சொல்லும்வரை காத்திருங்கள்.

பதிவின் வாலில் ஒட்டியிருக்கும் பேச்சை வெட்டிவிடுங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். சரியான அறிவுரைதான். நான் வெட்டவில்லை. தவுவாவில் தமிழ் வகுப்பு முடியும் நேரம் எனக்குக் காலை காப்பி நேரம். அடுப்படியில் தனியாக நின்று பாலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே இப்போது கேட்டிருப்பார்கள் என்று தோன்றும்போது, யாரும் இல்லாத வீட்டில் வாய்விட்டே பதில் சொல்கிறேன்: இன்னும் ஒண்ணே ஒண்ணு.