ஒன்பதாம் வீட்டுத் துணி

பருத்தித் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டுக் கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தால், அது நேர்நூல் பிடித்துச் 'சர்ர்' என்று கிழியும். அந்தச் சத்தமும், கூடவே எழும்பி மூக்கில் ஏறும் பஞ்சுத் தூசியும் இன்றைக்கும் என்னைப் பத்து வயதுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். நைலக்ஸ் என்ற செயற்கைத் துணி அப்படிக் கிழியாது. இழுக்க இழுக்க நீளும், விரலை அறுக்கும், கத்தரி படாமல் அசையாது. அந்த வித்தியாசத்தை நான் அன்றைக்கு ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். ஆனால் நின்று யோசிக்கிற பிள்ளையாக நான் எப்போதும் இருந்ததில்லை.

இப்போது நான் பொழுதுபோக்காக ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவள். சனிக்கிழமை காலையில் கோல சிலாங்கூரில் உள்ள என் வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூவர் கூடுகிறோம்: நான், சாப்பாட்டுக்கடைக்காரர் மனைவி ஃபாத்திமா அக்கா, நில அலுவலகத்தில் வேலை பார்க்கும் கலைவாணி. ஃபாத்திமா அக்கா கைலித் துண்டுகளை மட்டும் வைத்து ஒரே போர்வையை இரண்டு வருடமாக நிதானமாகத் தைக்கிறார். என் அலமாரியிலோ ஏழு போர்வைகள் கிடக்கின்றன, ஏழும் அரைகுறை. ஒன்றில் நடுப்பகுதி முடிந்து கரை இல்லை, ஒன்றில் மூன்று பக்கக் கரை முடிந்து நான்காவது பக்கம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. கடைசி முடிச்சுப் போடும் நேரம் வந்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். உடனே புதுத் துணியைக் கிழித்து எட்டாவதை ஆரம்பிக்கத் தோன்றும். "ஒண்ணையாச்சும் முடிச்சிட்டு மவுத்தாவுங்க லா" என்பார் ஃபாத்திமா அக்கா. நானும் சிரித்துவைப்பேன். கலைவாணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே ஊசி என் விரலைத்தான் முதலில் தேடும் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குக் காரணம் அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது.

தஞ்சோங் காராங்கிலிருந்து சபாக் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். பாதி தென்னை, பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை. அப்பா குலை வெட்டினார், அம்மா மருந்தடித்தார். இரண்டு மணிக்கு வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டபின், பெண்கள் 'ஆயாக்கொட்டாய்' என்று நாங்கள் சொன்ன பிள்ளைக் காப்பகத்தின் சிமெண்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து தைப்பார்கள். வெளுத்த கோதுமை மாவுச் சாக்குத்தான் அடித்துணி; அதன் நான்கு மூலையிலும் செங்கல் வைத்து இழுத்து நிறுத்தி, மேலே துண்டுகளை அடுக்கி, ஆளுக்கொரு பக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு நடுவை நோக்கி வருவார்கள். வாயும் கையும் ஒன்றாக ஓடும். வேலை வாங்கும் மண்டோரின் நடையிலிருந்து கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சண்டை வரைக்கும் அங்கேதான் அலசப்படும்.

லயம் என்ற எங்கள் வரிசை வீடுகளில் ஐந்து வீடு தள்ளி இருந்த சரோஜா அக்காவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் ஒரு மாதம் தாண்டவில்லை. மூன்றாவது தரித்தபோது, அம்மாவும் மற்றப் பெண்களும் கூடி 'பிச்சைத்துணி' போர்வை தைப்பதென்று முடிவெடுத்தார்கள். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நிலைத்திருக்கும் ஒன்பது வீடுகளில் ஒவ்வொரு துண்டு துணி கேட்டு வாங்கித் தைக்க வேண்டும். பிச்சை எடுத்த துணியில் படுக்கும் பிள்ளையை எமன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான் என்பது கணக்கு. வாங்கப் போவது வயதுக்கு வராத பெண்பிள்ளையாக இருக்கவேண்டும். இன்னொரு விதியும் உண்டு. "வாய் தொறந்து கேக்கணும், அவங்க கையால குடுக்கணும். நீயா எதையும் எடுத்துட்டு வந்துறாத" என்று அம்மா இரண்டு முறை சொல்லி, கையில் ஒரு கூடையும் சின்னக் கத்தரியும் கொடுத்து அனுப்பினார். என்னைப் பற்றித் தெரிந்துதான் இரண்டு முறை சொன்னார். "வெந்நியக் கால்ல ஊத்திக்கிட்டுப் பொறந்தவ" என்பது என்னைப் பற்றிய அவருடைய தீர்ப்பு.

எட்டு வீடு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பாவாடைத் துண்டு, பள்ளிச் சட்டையின் முதுகு, பூப்போட்ட தலையணை உறை என்று கூடை நிறைந்தது. ஒன்பதாவது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த காளியம்மா அத்தை வீடு. ஆறு பிள்ளைகள், ஆறும் கல்லுக்குண்டு மாதிரி. அந்த வீட்டுத் துணிக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் காளியம்மா அத்தை வாத்து வளர்த்தார். அவை கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்து கெண்டைக்காலைப் பிடுங்கும். பாலத்தில் நின்று பார்த்தேன். நான்கு வாத்துகள் வாசலில் நின்றன. திரும்பி வரும் வழியில், வாய்க்கால் கரையில் தலையணை, பாய், ஓட்டை அலுமினியச் சட்டி ஆகியவற்றோடு ஒரு துணிமூட்டை அவிழ்ந்து கிடந்தது. மேலாக, கிளிப்பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட நைலக்ஸ் சேலை. யாரோ வேண்டாமென்று போட்டது என்று நினைத்தேன். கிழித்துப் பார்த்தேன், கிழியவில்லை. கத்தரியால் ஒரு சாண் வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டேன்.

"காளியம்மா அத்தை வீட்டுது" என்று சொல்லிக் கூடையை நீட்டினேன். சைக்கிளில் வரும் துணி வியாபாரி அந்த ரகத்தைத் தோட்டத்தில் பல பேருக்கு விற்றிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "நைலக்ஸா? புள்ளைக்குச் சுடுமே" என்று ஒருத்தர் முகம் சுளிக்க, "ஆறு புள்ள நெலச்ச வீடு, ஓரமா வச்சுத் தைப்போம்" என்றார் அம்மா. அப்படியே ஒரு மூலையில் போய்ச் சேர்ந்தது. குழந்தை வீட்டுக்கு வந்தபின்தான் கடைசி முடிச்சுப் போடுவது வழக்கம் என்பதால், ஒரு பக்கக் கரையை நூல் தொங்கத் தொங்க விட்டு, போர்வையைச் சரோஜா அக்காவிடம் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அம்மாவோடு வாய்க்கால் கரையில் போனபோது, அவர் வெடுக்கென்று என் கையைப் பிடித்து இழுத்தார். "அந்தப் பக்கம் போகாத! முனியம்மா துணிமணி அது. சாவுத்துணிய மிதிச்ச காலோட புள்ளத்தாச்சி வீட்டுக்குப் போகலாமா?" தோட்டத்தில் வேலை பார்த்த முனியம்மா இறந்தபோது நான் பள்ளி விடுமுறைக்குச் சுங்கை செம்பிலாங்கில் மாமா வீட்டில் இருந்தேன். இறந்த செய்தி தெரியும். இறந்தவரின் உடைமைகளை அங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்பது தெரியாது.

அன்றைக்குப் பிடித்த பயம் அது. மிதித்தாலே ஆகாதென்றால், பிள்ளைக்குப் போர்த்தினால்? சரோஜா அக்காவின் வயிற்றைப் பார்த்தால் ஓட்டம் பிடித்தேன், பார்க்காவிட்டாலும் இருப்புக்கொள்ளாமல் அவர் வீட்டு வாசலையே சுற்றினேன். அம்மாவிடம் சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்து, 'எடுத்துட்டு வந்துறாத' என்ற அந்தக் குரல் நினைவுக்கு வந்ததும் விழுங்கினேன். கடைசியில் ஒரு மத்தியானம், சரோஜா அக்கா குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, பிளேடால் பச்சைத் துண்டின் தையலை அறுக்கத் தொடங்கினேன். இரண்டு பக்கம் பிரிந்தது. மூன்றாவது பக்கத்தில் இருக்கும்போது வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

"என்னடி பண்ற? காளியம்மாக்கா வீட்டுத் துணியவா பிரிக்கிற? ஆறு புள்ள வளந்த வீட்டுத் துணிடி!" சரோஜா அக்கா அடிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. கால் நீட்டி உட்கார்ந்து, இரட்டை நூல் கோத்து, நெருக்க நெருக்கமாக, நகம் நுழையாத தையலாக அந்தத் துண்டைத் தன் கையாலேயே தைத்தார். நான் எதிரில் நின்று அழுதேன். சேட்டைக்கு வருந்தி அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, போகும்போது ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

குழந்தை பிறந்தது, பெண். வீட்டுக்கு வந்தது, முடிச்சும் போட்டார்கள். ஒரு மாதம் தாண்டியது. பிச்சை என்று கூப்பிட்டார்கள்; பிறப்புப் பத்திரத்தில் கலைவாணி. நான் கொஞ்சம் மூச்சுவிட ஆரம்பித்தபோது அப்பாவுக்குக் கோல சிலாங்கூரில் லோரி ஓட்டும் வேலை கிடைத்து, நாங்கள் தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம். இரண்டு வருடம் கழித்து, சரோஜா அக்காவுக்குப் பிறந்த ஆண் குழந்தை மூன்று மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனது. சாவுக்குப் போய்வந்த அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "அந்த ஒட்டுப் போர்வையில சுத்தித்தான் தூக்கிட்டுப் போனாங்க. பாக்க முடியல" என்று சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

எமன் அக்காளை விட்டுத் தம்பியைப் பிடித்துக்கொண்டான், பிடித்துக் கொடுத்தவள் நான் என்று பன்னிரண்டு வயதில் முடிவு கட்டினேன். பிறகு படித்தேன், வேலைக்குப் போனேன், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று மேடையில் பேசவும் செய்தேன். மேடையை விட்டு இறங்கினால் பயம் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில், "நான் சரோஜாவோட மக, உங்ககிட்ட போர்வை தைக்கக் கத்துக்கலாமாக்கா?" என்று கலைவாணி வந்து நின்றபோது, வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வா என்று வந்துவிட்டது.

போன சனிக்கிழமை அவள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். மகள் வடக்கே பல்கலைக்கழகத்துக்குப் போகிறாளாம்; பாட்டி வைத்திருந்த பழைய போர்வையைக் கொண்டுபோக ஆசைப்படுகிறாளாம்; கொஞ்சம் ஒட்டுப்போட்டுத் தரவேண்டுமாம். பையிலிருந்து எடுத்து விரித்தாள். மாவுச் சாக்கு நைந்து வலையாகியிருந்தது. பூப்போட்ட துண்டுகள் நிறம் தெரியாமல் வெளுத்திருந்தன. ஒரு மூலையில் மட்டும் கிளிப்பச்சை நைலக்ஸ், வெள்ளைப் புள்ளி ஒன்றும் அழியாமல்.

"இது தம்பியோட போகலையா?" என்றேன்.

"இல்லக்கா. தம்பி இதுல படுத்ததே இல்ல. எனக்கு அப்ப ரெண்டு வயசு. தொட்டாலே கத்துவேனாம், குடுக்க மாட்டேனாம். அம்மா அவனுக்குன்னு மறுபடியும் ஒரு சின்னப் பொண்ணக் கூட்டிக்கிட்டு ஒம்பது வீடும் கூடவே போய், கண்ணு முன்னாடி துணி கேட்டு வாங்கித் தச்சாங்க. அதுதான் அவனோட போச்சு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாத்து, மூட்டை, கத்தரி, பொய், பிளேடு எல்லாம். ஃபாத்திமா அக்கா ஊசியைக் கைலியில் குத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கலைவாணி பச்சைத் துண்டின் தையலை, அவள் அம்மாவின் தையலை, கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப தம்பிக்குத்தான் ஒம்பது வீட்டுத் துணியும் சரியா இருந்திருக்கு" என்றாள்.

அந்தப் பச்சைத் துண்டைப் பிரித்துவிட்டு வேறு வைக்கட்டுமா என்று கேட்டேன். "விடுங்கக்கா. மத்ததெல்லாம் போச்சு. இது ஒண்ணுதான் கெட்டியா இருக்கு."

லயங்கள் இருந்த இடத்தில் இப்போது புது வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. வாய்க்காலைச் சிமெண்டுக் குழாயில் அடைத்துவிட்டார்கள், மூட்டை கிடந்த கரை கார் நிறுத்துமிடம். காளியம்மா அத்தை இல்லை. சரோஜா அக்காவும் போன வருடம் போய்விட்டார், நான் போய்ச் சொல்லியிருக்கக்கூடிய அத்தனை வருடங்களும் போய்விட்டன. முனியம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. அவருடைய சேலையில் ஒரு சாண்தான் இந்த உலகத்தில் மிச்சம், அதுவும் அடுத்த வாரம் வடக்கே போகிறது.

அன்று மதியம் வரை கலைவாணியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து கரை தைத்தோம். நான்காவது பக்கம் என் பங்காக வந்தது. வழக்கம்போல் உள்ளங்கை வேர்த்தது, எழுந்து தேநீர் போடலாமா என்று கால் பரபரத்தது. அப்போதுதான் உறைத்தது: இத்தனை வருடம் அந்தக் குழந்தையை நினைத்துப் பயந்திருக்கிறேன், அதன் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை.

"தம்பிக்கு என்ன பேரு வச்சாங்க?" என்றேன்.

"சேகர்" என்றாள் கலைவாணி.

எழுந்திருக்காமல் உட்கார்ந்து முடிச்சைப் போட்டேன்.