இருக்கைக்குக் கீழே ஒரு சாமி

மதுரை டவுன் பஸ்ஸில், பரவை நிறுத்தத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறையக் குங்குமம். மடியில் மஞ்சள் துணி கட்டிய சொம்பு. அதில் இருந்தது ஊர்ச் சாமியின் பீடத்தில் எடுத்த பிடிமண். கே.கே. நகரில் மகன் கட்டிய வீட்டருகே அதை வைத்துச் சாமியைக் குடியேற்றப் போகிறாராம். வழியில் எங்கேயும் தரையில் வைக்கக் கூடாது. வைத்த இடத்திலேயே சாமி தங்கிவிடும் என்றார்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொம்பிடம் குனிந்து, "இன்னும் கொஞ்சந்தேன்யா, பொறுத்துக்க" என்பார்.

"சாமிக்கு டிக்கெட் எடுக்கலையாக்கா?" என்றார் கண்டக்டர்.

"மடியில வாரவருக்கு எதுக்குப்பா டிக்கெட்டு?"

காளவாசல் நெரிசலில் பஸ் நின்றது. "அண்ணே, செத்தப் பிடிங்க" என்று சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, மகனுக்குப் போன் போட்டார். ஆதி மதங்களில் மண்ணும் கல்லும் சாமியின் அடையாளம் அல்ல, சாமியேதான் என்று கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்காகச் சொம்பைக் காலடியில் வைத்தேன்.

அவர் பார்த்துவிட்டார். முகம் வாடியது, திட்டவில்லை.

"இங்கனயே இறங்கிட்டாரே! நான் திரும்பப் போயி இன்னொரு பிடி அள்ளிட்டு வாரேன். இவரை யாரும் மிதிக்காமப் பாத்துக்கங்கண்ணே."

மண்ணை இருக்கைக்குக் கீழே கொட்டிக் கும்பிட்டுவிட்டு, வெறும் சொம்போடு இறங்கினார்.

பஸ்ஸின் நம்பரைப் பார்த்துவைக்க எனக்குத் தோன்றவில்லை. அதனால் அந்தத் தடத்தில் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.