கடைசி பெஞ்சுக்குப் போன கதை

தாம்பரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அரசு ஒதுக்கீட்டில் எனக்கு இடம் கிடைத்தபோது, பம்மல் தோல் பட்டறையில் வேலை பார்த்த அம்மா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள்.

நான்காம் வகுப்பு மிஸ்ஸிடம் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. ஃபீஸ் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் தப்பு செய்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா யோசிச்சுப் பாரு கண்ணா" என்பார். ஒதுக்கீட்டில் வந்த எங்களுக்கு ஸ்கேல்தான். விளிம்பைத் திருப்பி விரல் முட்டியில் இறக்குவார்.

ஒரு நாள் வகுத்தல் கணக்கு. டாக்டர் வீட்டுப் பையனும் நானும் போர்டில் ஒரே தப்பைச் செய்தோம். அடுத்த எண்ணைக் கீழே இறக்க மறந்துவிட்டோம். அவன் கையைப் பிடித்துத் திருத்தி எழுத வைத்தார் மிஸ். பிறகு என் பக்கம் திரும்பி ஸ்கேலை எடுத்தார்.

"இன்னா மிஸ், எனக்கும் சொல்லிக் குடுங்க."

"இன்னாவா? இது உங்க ஏரியான்னு நினைச்சியா?"

வகுப்பு சிரித்தது. அடி விழ விழ முட்டியில் தோல் பிய்ந்தது. கையை இழுத்துக்கொண்டேன். அந்த ஆத்திரத்தில் என் பின்மண்டையைப் பிடித்து போர்டில் மோதினார். மூக்கு உடைந்து ரத்தமும் சாக்பீஸ் தூளும் வாயில் கரித்தன.

மறுநாள் காலை அம்மா நேராக வகுப்புக்குள் வந்தாள்.

"அந்தப் புள்ளயும் தப்பாத்தான் போட்டுகீது. அத்த ஏன் அடிக்கல?"

"அவங்க வீட்ல சொல்லிக்குடுக்க ஆள் இருக்கு. உங்க பசங்களுக்கு அடிச்சாதான் மண்டையில ஏறும்."

மேசையிலிருந்த ஸ்கேலைப் பிடுங்கி மிஸ்ஸின் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள் அம்மா. வளையல் நொறுங்கியது. வாட்ச்மேனும் இன்னொருவரும் வந்து அவளைப் படிக்கட்டில் தரதரவென்று இழுத்துப் போனார்கள். புடவை கிழிந்தது. போலீஸைக் கூப்பிடுவோம் என்று மிரட்டியதும் அம்மா கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். எங்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என்னை யாரும் அடிக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கை தூக்கினால் மிஸ்ஸின் பார்வை என் தலைக்கு மேலே போய்விடும். முழுப் பரீட்சை நெருங்கும்போதுதான் அம்மாவிடம் சொன்னேன்:

"என்னை யாரும் அடிக்கறதில்லம்மா. கேள்வியும் கேக்கறதில்ல."

"அப்ப இன்னாத்துக்கு அங்க குந்திகினு கீற?" என்றாள்.

அடுத்த வருஷம் அரசுப் பள்ளி. ரெண்டு வகுப்பை ஒரே அறையில் அடைத்திருந்தார்கள். சார் பாதி நாள் வேறு ஏதாவது அரசாங்க வேலைக்குப் போய்விடுவார். வந்த நாட்களில் என்னையும் எழுப்பிக் கேள்வி கேட்டார். பதில் தெரியும். ஆனாலும் முகத்துக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டுதான் சொல்வேன். பத்தாவது வரைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.