ஒட்டிக்கொண்ட பக்கம்

அறுபதுகளின் நடுப்பகுதி. மீனம்பாக்கத்தில் ஒரு சிறிய விமானக் கம்பெனியில் எழுத்தராக இருந்தேன். வீடு காஞ்சிபுரத்தில். பி.ஏ. படித்தவன், கையெழுத்தும் நன்றாக இருக்கும். அந்தத் திமிரும் இருந்தது.

எங்களிடம் ஒரு பழைய டகோட்டா விமானம் இருந்தது. போர்க்காலத்தில் பர்மா எல்லையில் சிப்பாய்களையும் அரிசி மூட்டைகளையும் சுமந்தது. போர் முடிந்ததும் பெஞ்சுகளைக் கழற்றி, மெத்தை இருக்கை போட்டு, பயணிகளை ஏற்றினார்கள். அது எங்கெல்லாம் பறந்தது, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்பதெல்லாம் ஒரு கிழிந்த பதிவேட்டில் இருந்தன. அதைப் புதிய பதிவேட்டில் பிரதி எடுப்பது என் வேலை.

ஒரு பக்கம் எப்போதோ நனைந்து அடுத்ததோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இறக்கையை இணைக்கும் போல்ட்டுகளை மாற்றிய தேதி அதில்தான் இருக்க வேண்டும். பிரித்துப் பார்க்கப் பொறுமையில்லை. மறுநாள் ஊரில் கருட சேவை. எனக்குப் பெண் கொடுக்கவிருந்தவர்கள் தென்னேரியிலிருந்து வருகிறார்கள். தோன்றிய ஒரு தேதியை எழுதிவிட்டு பஸ் பிடித்தேன்.

மறுநாள் பகல் விருந்து.

"நம்ம மாப்ள எழுதிக் குடுத்தாத்தான் ஏரோப்ளேனே எழும்புமாம்பா" என்றார் வருங்கால மாமனார்.

"அப்ப நம்ம வண்டி மாட்டுக்கும் ஒண்ணு எழுதிக் குடுக்கச் சொல்லு. காலையிலேர்ந்து படுத்துக்கினே இருக்குது" என்றார் அவர் தம்பி.

சிரிப்பு அடங்குமுன் வாசலில் எங்கள் மெக்கானிக். போரிலிருந்தே அந்த விமானத்தோடு இருந்தவர். திருவிழாக் கூட்டத்தில் நசுங்கி, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"அந்தப் பக்கம் ஒட்டிக்கினு இருக்குதேப்பா. தேதிய எப்படிப் படிச்ச?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தேண்ணே. தெரிஞ்சிச்சி."

"நீ கண்ணால பாத்தல்ல? அது போதும். போல்ட்டுங்களப் பாக்கறதுக்காக இறக்கையக் கழட்ட வேணாம். நாளைக்கி அதுலதான் எம் பொண்டாட்டி புள்ளைங்க மதுரைக்குப் போறாங்க."

மோர் குடித்துவிட்டு நடந்தார். தெருமுனை வரை அவர் சட்டையின் வியர்வை ஈரம் தெரிந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இலையில் பாயசம் ஊற்றினார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

விமானம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம், மனைவி கொடுத்தனுப்பியதாக மெக்கானிக் ஒரு பொட்டலம் முறுக்கு நீட்டினார். வாங்கித் தின்றேன். மேலும் சில ஆண்டுகள் பறந்த பிறகு அந்த விமானத்தை உடைத்துப் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். அந்தப் போல்ட்டுகள் எப்படி இருந்தன என்று கேட்கக்கூட எனக்குத் துணிவில்லை. அவர் சாகும்வரை உண்மையைச் சொல்லவுமில்லை.

ஒன்றும் நடக்கவில்லையே என்று என்னை நானே பலமுறை சமாதானப்படுத்திப் பார்த்தேன். வயதுதான் ஆகிறது. இன்றும் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால், அது தேய்ந்து மறையும்வரை கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன். அவருடைய பிள்ளைகள் இன்னும் தரையிறங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.